தென்னை வளராத ஊரின் தென்னைமரம்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் இயங்கும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஒன்றில் 'என் வீடு' என்று தலைப்புக் கொடுத்துப் படம் வரையச் சொன்னால் என்ன வரும் என்பதைத் தாளைப் பார்க்காமலே ஆசிரியர் சொல்லிவிடுவார். இரு மலைகள், நடுவே பாதி எழுந்த சூரியன், ஓட்டுக்கூரை வேய்ந்த தனி வீடு, வாசலிலிருந்து வளைந்திறங்கும் பாதை, ஓர் ஆறு, கரையில் தென்னை. மலைகள் மெய். பனிமூட்டம் விலகும் நாட்களில் சூரியனும் மெய். எஞ்சியவை வேறெங்கிருந்தோ வந்தவை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் தென்னை செழிப்பதில்லை. தொழிலாளர் பிள்ளைகள் குடியிருப்பதும் தனி வீட்டில் அன்று, லயத்தில்: ஒரே கூரையின்கீழ்ச் சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்புகள், வரிசையாகக் கதவுகள், எல்லோருக்கும் பொதுவான முற்றம்.

இப்படத்தைச் சென்னை அடுக்ககத்துப் பிள்ளையும்தான் வரைகிறது என்று மறுப்புரைக்கலாம். மறுப்பு சரியே. ஆயினும் அடுக்ககத்துப் பிள்ளை தன் வீட்டைப் போன்ற வீட்டைத் தொலைக்காட்சியிலும் விளம்பரத் தட்டியிலும் நாள்தோறும் காண்கிறது. வரையாவிட்டாலும் அதற்குப் பெரிய இழப்பில்லை. லயத்துப் பிள்ளையின் வீடு படமாகக் கிடைப்பது அரிது. சுற்றுலாப் பயணி எடுக்கும் ஒளிப்படத்திலும் தேயிலைச் சரிவு இருக்கும், லயம் சட்டகத்துக்கு வெளியே இருக்கும்.

குழந்தை ஓவியம் குறித்த ஆய்வுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளிவந்த தம் நூலில், ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள பருவத்தில் ஒவ்வொரு பிள்ளையும் மனிதர், மரம், வீடு ஆகியவற்றுக்குத் தனக்கென ஒரு வடிவத்தை உருவாக்கி, அதையே திரும்பத் திரும்ப வரையும் என்றார். இதைச் சான்றாகக் காட்டி, தென்னைமர வீடும் இயல்பான வளர்ச்சிப் படிநிலையே என்று வாதிடுவோர் உண்டு. லோவன்ஃபெல்ட் சொன்னது பிள்ளை தானே கண்டடைந்த வடிவத்தைப் பற்றி. அச்சிட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் புத்தகங்களை அவர் கடுமையாக எதிர்த்தார் என்பதை அவ்வாதம் மறந்துவிடுகிறது. தென்னைமர வீடு கண்டடைந்த வடிவமன்று. கரும்பலகையிலிருந்தும் வண்ணப் புத்தகத்திலிருந்தும் இறங்கிய வடிவம்.

'என் வீடு' என்ற தலைப்பில் சிக்கலான சொல் 'வீடு' அன்று, 'என்'. தொழிலாளிக்குக் குடியிருப்பு அளிப்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. பணி ஓய்வு பெற்றால் அக்குடியிருப்பை ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வீடு அதன் தாய் கொழுந்து கிள்ளும் காலம்வரைதான் அதன் வீடு. பாட்டி ஓய்வு பெற்றபோது தேனிக்கோ திருநெல்வேலிக்கோ திரும்பிச் சென்ற குடும்பங்களின் கதை லயத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு இராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் மாண்டனர், அவர்களுள் பிள்ளைகளும் உண்டு. அந்த மலைத்தொடரின் வகுப்பறைகளில் 'என் வீடு' இனி எளிய பயிற்சித் தலைப்பாக இருக்க இயலாது. அத்தலைப்பைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சமவெளியிலிருந்து பணிமாற்றம் பெற்று வந்தவருக்கு யார் சொல்வது?

கேள்வியைச் சற்று மாற்றினாலே படம் மாறிவிடும். வீட்டை வரையச் சொல்லாமல் கதவை வரையச் சொல்லலாம்: உன் வீட்டுக் கதவின் நிறம் என்ன, அதற்கு மேல் என்ன மாட்டியிருக்கிறது, மழைக்குடையும் கொழுந்துச் சாக்கும் எங்கே தொங்கும், அடுத்த கதவு யாருடையது. ஒரே அளவுத் தாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கதவை வரைந்தபின் தாள்களை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் வகுப்புச் சுவரில் ஒரு லயம் நீளும். யார் கதவுக்குப் பக்கத்தில் யார் கதவு வர வேண்டும் என்ற வாக்குவாதம் எழும். அதுவே அன்றைய மொழிப்பாடம். பூட்டிய கதவை வரையும் பிள்ளையும் இருக்கலாம். அதைத் திருத்தச் சொல்லாதிருக்க ஆசிரியருக்குப் பயிற்சி தேவை, வண்ணக்குச்சிகளைவிட அதிகமாக.

அப்பயிற்சியை யார் தருவார் என்பதில் சட்டமே கை விரிக்கிறது. கலைக் கல்வியைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் வலியுறுத்தியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்புப் பட்டியலோ, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கு மட்டுமே பகுதிநேரக் கலைப் பயிற்றுநரைக் குறிப்பிடுகிறது. ஒன்று முதல் ஐந்துவரை அப்படியொருவர் பட்டியலிலேயே இல்லை. அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள், அவ்வளவே. எண்ணிக்கை சுருங்கிவரும் எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளியில் இரு வகுப்புகளை ஓர் அறையில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் படம் வரைதல் என்பது ஒரு வகுப்பை அமைதியாக இருத்திவிட்டு மற்றொன்றுக்குக் கணக்குச் சொல்லித்தரும் உத்தியாகிவிடுகிறது. குற்றம் அவருடையதன்று.

கேரளத்தில் இதற்கு மாற்றாக நிற்பது போட்டி. கலோற்சவமும் பிரவிருத்தி பரிசய மேளாவும் அம்மாநிலக் கல்வியின் பெருமிதங்கள். அப்பெருமிதத்தில் நியாயமும் உண்டு. பார்வையாளர் முன்னிலையில் குறித்த நேரத்துக்குள் களிமண்ணும் காகிதமும் பனையோலையும் கொண்டு பிள்ளைகள் பொருள் செய்துகாட்டும் மேளா, உழைப்புக்கு மதிப்பளிக்கும் அரிய பள்ளி விழா. எனினும் பரிசு பெறுவது நேர்த்தி. நேர்த்தி வருவது வீட்டுப் பயிற்சியால். வீட்டில் பயிற்றுவிக்க மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்திலிருந்து திரும்பும் தாய்க்கு நேரமில்லை. 'பிராஜெக்ட்' என்ற பெயரில் சார்ட் அட்டையும் தெர்மாகோலும் அச்சுப்படங்களும் கடையிலிருந்து வாங்கி ஒட்டப்படுவதும் இதனால்தான். பிள்ளையின் கை பட்ட இடம் பெயர் எழுதிய இடம் மட்டும்.

மலையிறங்கிப் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாய்க்கு வந்தால் நிலம் வேறு. கொழிஞ்ஞாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை: வறண்ட காற்று, மாந்தோப்புகள், பனைகள். இங்கு நுங்குக் காலத்தில் பிள்ளைகள் ஆசிரியர் உதவியின்றி ஒரு செயல்திட்டத்தை முடித்துவிடுகிறார்கள். சுளை தின்ற இரண்டு நுங்குக் கூடுகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவட்டுக் கோலால் தள்ளினால் வண்டி. அச்சு, சக்கரம், உராய்வு, சமநிலை அனைத்தும் அதில் உண்டு. ஒரு கூடு சிறிதாக இருந்தால் வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பும் என்பது ஏழு வயதுப் பொறியாளருக்குத் தெரியும். மணி அடித்ததும் அவ்வண்டி பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

கோலமும் அவ்வாறே வெளியில் நிற்கிறது. ஓணத்துக்குப் பூக்களம் இடுதல் கேரளப் பள்ளிகளின் விழா மரபு. அவ்வட்டத்துக்குள் தமிழ்ப் பிள்ளைகளும் மகிழ்ச்சியாகவே பூ நிரப்புகிறார்கள். அதே பிள்ளை அம்மாவிடமிருந்து கற்ற புள்ளிக்கோலம் பள்ளியில் எதற்கும் பயன்படுவதில்லை. 1974இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து கோலங்களைக் கணினிசார் வடிவ இலக்கணமாக விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர் என்பது நினைக்கத் தக்கது. பன்னாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட பொருளை நான்காம் வகுப்பு ஏற்கத் தயங்குகிறது. கோலத்தைப் பெண்பிள்ளைகளின் வேலையாக மட்டும் ஒதுக்குவதும் வகுப்பறையில் எளிதில் உடையக் கூடியதே: சிலேட்டில் புள்ளி வைத்தால் பையன்களும் கையெடுக்காமல் கோடு இழுத்துப் பார்க்கவே செய்வார்கள், ஏனெனில் அது புதிர்.

இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஷொர்ணூர் வட்டாரத்துப் பகவதி கோயில்களில், தோல்பாவைக்கூத்து நிகழ்கிறது. இருபத்தொரு விளக்குகளின் ஒளியில், மலையாள நாட்டுக் கூத்துமாடத்தில் பாடப்படுவது கம்பராமாயணம். பரம்பரைக் கலைஞர் கே.கே. ராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தமிழ்வழிப் பள்ளியின் பிள்ளை கேரளத்தில் தான் அயலான் என்று எண்ணத் தொடங்கும் வயதில், இக்கூத்தைவிட நல்ல பாடம் அமைவது கடினம். அட்டையில் வெட்டிய மான், ஈர்க்குச்சி, வெள்ளை வேட்டி, ஒரு கைப்பேசி விளக்கு போதும். உருவத்தை விளக்கருகே நகர்த்தினால் நிழல் ஏன் பெருக்கிறது என்ற அறிவியல் கேள்வியும் தானே வந்துவிடும்.

பொருளுக்குப் பணமில்லை என்ற புகாருக்கு இடுக்கியிலேயே பதில் இருக்கிறது. மறையூர்ப் பள்ளத்தாக்கின் பாறைகளில் செங்காவியாலும் வெண்ணிறத்தாலும் தீட்டிய விலங்கு, மனித உருவங்கள் இன்றும் உள்ளன. மண்ணைக் குழைத்தால் வண்ணம் என்பது அங்கு பழைய செய்தி. மூணாற்றில் தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட சிருஷ்டி அமைப்பின் ஆரண்யா பிரிவில் தாவரங்களிலிருந்து சாயம் எடுக்கிறார்கள். அதுல்யா பிரிவில் கைத்தாள் செய்கிறார்கள். பொதுப்பள்ளிகள் அங்குக் கற்க நிறைய உண்டு.

ஆய்வாளர் உலகம் இதில் செய்யக்கூடிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் 1942 முதல் 1944 வரை ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் பிள்ளைகளுக்கு இரகசியமாகப் படம் வரையக் கற்பித்தார். படத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை எழுத வேண்டும் என்பது அவர் வழக்கம். அவர் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டபின், இரு பெட்டிகளில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 4,500 படங்கள் மீட்கப்பட்டு இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்துயரையும் தோட்ட வாழ்வையும் சமப்படுத்துவது தவறு. எடுத்துக்கொள்ள வேண்டியது பெயர் எழுதும் வழக்கம். படத்தின் பின்பக்கத்தில் பெயர், வகுப்பு, நாள், எஸ்டேட்டும் டிவிஷனும், பிள்ளை தன் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம், அதன் பேச்சுவழக்கிலேயே. இதற்கு ஓர் உறையும் ஒரு பென்சிலும் போதும். மார்ச் மாத இறுதியில் அலமாரிகள் காலியாகி, பழைய தாள்கள் கட்டுக்கட்டாக எடைக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது.