கேத்தி ஸ்டேஷன் மழை

‘மூன்றாம் பிறை’ படத்தின் கடைசிக் காட்சியில் தமிழ்நாடே கமல்ஹாசனைப் பார்த்து அழுதது. நீலகிரிக்காரர்கள் அவரையும் பார்த்தோம், அவருக்குப் பின்னால் தெரிந்ததையும் பார்த்தோம். கமல் நடித்த சீனு மழையில் வழுக்கி விழுகிறான். கம்பத்தில் முட்டிக்கொள்கிறான். பாத்திரத்தைத் தலையில் வைத்துக் குரங்குச் சேட்டை செய்து, ரயில் பெட்டிக்குள் இருக்கும் விஜிக்குத் தன்னை ஞாபகப்படுத்தப் பார்க்கிறான். அவள் யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்துக்கொள்கிறாள். ரயில் போய்விடுகிறது. அது கேத்தி ஸ்டேஷன். அருவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவே, மீட்டர் கேஜ் பாதையில், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிற ரயிலுக்காகக் கட்டிய சின்ன ஸ்டேஷன்.

திரைக்கதையில் அந்த மழை கிடையாது. எடுக்கப் போன இடத்தில் மழை வந்தது. இயக்குநர் பாலு மகேந்திரா கேமராவை மூடிவைக்காமல் மழையோடு சேர்த்து எடுத்துவிட்டார். எங்கள் ஊர் மழையைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும். கீழ்நாட்டு மழை கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். எங்களுடையது அப்படி விடாது. காலையில் பிடித்தால் ஸ்வெட்டருக்குள் இறங்கி, எலும்பில் குளிரேற்றி, சாயங்காலம் அடுப்படியில் போய் உட்காரும் வரைக்கும் கூடவே இருக்கும். அந்தச் சேற்றில் விழுந்து எழுந்தவனுக்கு எப்படி நடுங்கியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஊட்டியை விட்டு வந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று சென்னையிலேயே வேர் பிடித்துவிட்டது. ஊர் ஞாபகம் வரும்போது எடுத்துப் பார்க்க என்னிடம் போட்டோ என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துக் குடும்பங்களில் போட்டோ என்றால் ஸ்டுடியோவில் எடுப்பதுதான். பின்னால் ஒரு திரை, முன்னால் விறைத்து நிற்கும் நாங்கள். பஸ் ஸ்டாண்டையோ, சேரிங் கிராஸையோ, கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் லாரியையோ யார் படம் எடுத்து வைத்தார்கள்? தினமும் பார்க்கிற மலையை எவர் போட்டோ பிடிப்பார்? ஆகவே எங்களுக்கு இருக்கிற ஒரே குடும்ப ஆல்பம் பழைய படங்கள்தான். கதாநாயகன் கொஞ்சம் தள்ளி நின்றால் எங்கள் ஊர் தெரியும்.

இத்தனைக்கும் அப்பா வேலை பார்த்தது பிலிம் ஃபேக்டரியில். ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்திக்கு வந்தது. தூசியில்லாத காற்றும் குளிரும் நல்ல தண்ணீரும் பிலிம் தயாரிக்கத் தேவை. அதனால்தான் அந்த மலையைத் தேடி வந்தார்கள். கறுப்பு வெள்ளை சினிமா பிலிம், எக்ஸ்ரே பிலிம், போட்டோ காகிதம் எல்லாம் ‘இந்து’ என்ற பெயரில் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது சோறு போட்டது. பிலிமில் வெளிச்சம் பட்டால் எல்லாம் வீணாகிவிடும் என்பதால் பல பிரிவுகளில் வேலையே இருட்டில்தான். கையால் தடவித் தடவி எது எங்கே என்று அத்துப்படியாக வைத்திருப்பார்கள். கரண்ட் போனால் எங்கள் வீட்டில் யாரும் அசைய மாட்டோம். அப்பா எழுந்து போய் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, தம்பியின் மஃப்ளர் எல்லாவற்றையும் சட்டென்று எடுத்துக்கொண்டு வருவார். கலர் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது, கடன் ஏறியது, ஃபேக்டரி மூடிவிட்டது. படம் எடுக்க வந்தவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். படச்சுருளே எங்கள் ஊரில் விளைந்தது என்பதை நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊரை வேறு ஊராக்கிவிட்டுப் போனார்கள். டேவிட் லீன் 1984-ல் எடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் மாரபார் குகைகளுக்குப் போகிற ரயில் எங்கள் மலை ரயில்தான். ‘ரோஜா’வில் (1992) காஷ்மீர் என்று நீங்கள் பார்த்ததில் குன்னூரும் ஊட்டியும் உண்டு. ‘உயிரே’ படத்தில் (1998) ஷாருக்கானும் மலைக்கா அரோராவும் ஆடிக்கொண்டு போவது 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்து சேர்ந்த அதே ரயிலின் கூரைமேல். சந்தோஷ் சிவனின் கேமரா அந்தப் பாலங்களையும் சுரங்கங்களையும் காட்டியது போல இன்னொருவர் காட்டியதில்லை. மிதுன் சக்கரவர்த்தி 1990களில் ஊட்டியில் சொந்த ஹோட்டலே வைத்துக்கொண்டு, இந்திப் படங்களை வரிசையாக அங்கேயே எடுத்தார். கூட்டத்தில் நிற்க ஆள், குதிரை, ஜீப், சாப்பாடு என்று அதில் பிழைத்த குடும்பங்கள் ஊரில் உண்டு. பைக்காரா போகும் வழியில் ஒரு புல்மேட்டுக்கு ‘சூட்டிங் மட்டம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

‘இதயத்தைத் திருடாதே’ (1989) வேறு வகை. பி.சி.ஸ்ரீராம் அதில் எங்கள் பனியைப் பிடித்தார். பனி மேலேயிருந்து இறங்கும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பல நாள் அது கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறி வரும். மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட ஜன்னலில் பார்த்தால் எதிர்மலை இருக்கும். ஒரு கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மலை இருக்காது, மைதானம் இருக்காது, கொடிக்கம்பம்கூட இருக்காது. அந்தப் படத்தில் ஆட்கள் பனிக்குள் போய் மறைவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூட மணி கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆனாலும் என் ஓட்டு ‘மூன்றாம் பிறை’க்குத்தான். அதில் கேத்தி கேத்தியாகவே இருக்கிறது. 1982-ல் வந்த அந்தப் படத்தில் சீனு டூரிஸ்ட் இல்லை. அங்கே வேலை பார்க்கிற பள்ளி ஆசிரியர். பூங்காவில் பாட்டுப் பாடிவிட்டுக் கீழே இறங்கிப் போகிறவனாக அல்லாமல், குளிரில் எழுந்து வேலைக்குப் போய், வீட்டுக்கு வந்து சமைத்து, சுப்பிரமணி என்ற நாய்க்குட்டிக்கும் சேர்த்து இடம் கொடுத்து வாழ்கிறவனாக ஒருவனைக் காட்டினார்கள். கண்ணதாசன் கடைசியாக எழுதிய பாட்டு ‘கண்ணே கலைமானே’. அது எங்கள் மலையில் கேட்கிற பாட்டாக அமைந்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமை. கமலுக்கும் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது. மறு வருஷமே ‘சத்மா’ என்று இந்தியிலும் எடுத்தார்கள்.

போன முறை அம்மாவோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். பாதியில், “கொஞ்சம் நிறுத்து கண்ணு” என்றார். செல்போனில் நிறுத்தினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சரிவில் ஒரு மூலையைக் காட்டி, “இங்கெல்லாம் உருளைக்கிழங்குதான் போட்டிருந்தாங்க. அதுக்கு மேல வரிசையா இருக்கிறது கற்பூர மரம். இப்ப ஒண்ணுகூட இல்லை” என்றார். கற்பூர மரம் என்றால் எங்கள் ஊரில் யூகலிப்டஸ். அதன் இலையைக் காய்ச்சித் தைலம் எடுக்கிற கொட்டகைப் பக்கம் போனால் மூக்கு திறந்துகொள்ளும். திரையில் அந்த வாசனை வராது. அம்மா சொன்னபோது வந்தது. அன்றைக்குப் படம் முடிய நள்ளிரவாகிவிட்டது. காட்சிக்குக் காட்சி நிறுத்தச் சொல்லி, எந்தத் தோட்டம் யாருடையது, எந்த ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்கு, எந்தப் பாதையில் போவார்கள், எந்த வளைவில் பஸ் திணறும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேத்தி இப்போது இல்லை. படுகர் ஹட்டிகளைச் சுற்றிக் கான்கிரீட் வீடுகள் ஏறிவிட்டன. குன்னூருக்கு மேலே நீராவி என்ஜின் போய் டீசல் வந்துவிட்டது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததால் ரயிலாவது மிஞ்சியது. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டியில் ஊட்டிக்குப் போக இ-பாஸ் வேண்டும். டி.என். 43 என்ற உள்ளூர்ப் பதிவு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. என் கார் சென்னைப் பதிவு. நெரிசலைப் பார்த்தவன் என்பதால் இது நல்ல ஏற்பாடுதான் என்று மனதாரச் சொல்வேன். என்றாலும் பிறந்த ஊருக்குப் போக முதல்முறை விண்ணப்பம் போட்டபோது, வருகையின் நோக்கம் என்று கேட்ட இடத்தில் ‘சுற்றுலா’ என்று போட எனக்குக் கை வரவில்லை.

பாலு மகேந்திரா 2014-ல் போனார், விஜியாக நடித்த ஸ்ரீதேவி 2018-ல் போனார். அப்பாவும் இல்லை. அம்மா சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் காட்சி, எந்த இடம், அப்போது அங்கே என்ன இருந்தது என்று. பொள்ளாச்சியில், கோபிச்செட்டிபாளையத்தில், காரைக்குடியில் பிறந்தவர்களிடமும் இப்படிச் சொல்ல நிறைய இருக்கும். உங்கள் ஊர் வருகிற பழைய படத்தை வீட்டில் இருக்கும் பெரியவர்களோடு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அந்த மழை நாளில் கேத்தி ஸ்டேஷனில் நின்று படப்பிடிப்பைப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் பார்த்ததை எனக்கும் எழுதுங்கள்.