இரும்பு ஆட்டின் வழியில்...

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிற தகப்பனார்களுக்கு ஓர் உத்தியோகம் காத்திருக்கும். காலையில் பேத்தியை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட வேண்டும். மாலையில் இறக்கிக்கொள்ள வேண்டும். நடுவில் ஏழு மணி நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கலாம். தெருவில் யாரும் வரமாட்டார்கள்.

2019 ஜூனில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். அந்த உத்தியோகமும் போயிற்று.

நான் சும்மா இருந்து பழகாதவன். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். பாதை பார்க்கிற எங்கள் இலாகாவுக்கு 'பர்மனென்ட் வே' என்று பெயர். நிரந்தரப் பாதை! பெயர் வைத்தவன் வெள்ளைக்காரன். அவன் போய்விட்டான், பெயர் நின்றுவிட்டது.

"மாமா, இந்த சனிக்கிழமை ஒரு ரயில் பாதை பார்க்கப் போறோம்" என்றார் மாப்பிள்ளை.

"எந்த ரயில்?"

"ரயில் கிடையாது. பாதை மட்டும்தான். தொண்ணூறு வருஷமா ரயில் ஓடாத பாதை."

இதற்கா இவ்வளவு பெட்ரோல் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது ரிடையர் ஆன பிறகு நான் மனப்பாடம் செய்த ரூல் புத்தகம்.

சியாட்டிலிலிருந்து கிழக்கே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். புளியோதரை டப்பா என் மடியில். காஸ்கேடு மலைத்தொடர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், நம் ஊர் கோபுரம் மாதிரி. சீனிக் என்ற இடத்தில் சாலையோரம் சிவப்பாக ஒரு கார்டு வண்டி நின்றது. அதாவது, கூட்ஸ் ரயிலின் கடைசியில் இருக்குமே, அது. இஞ்சினும் இல்லை, மற்ற பெட்டிகளும் இல்லை. பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகிவிட்டது. பென்ஷன்காரனைப் பென்ஷன்காரன் பார்த்த மாதிரி.

அந்தப் பாதை 'கிரேட் நார்த்தர்ன்' கம்பெனியுடையது. செயின்ட் பால் நகரத்திலிருந்து சியாட்டில் வரைக்கும், ஜேம்ஸ் ஹில் என்கிற பிடிவாதக்காரர் போட்டது. மலையைத் தாண்ட வழி கண்டுபிடித்தவர் ஜான் ஸ்டீவன்ஸ். பிற்பாடு பனாமா கால்வாய்க்குத் தலைமை இஞ்சினீயராகப் போனாரே, அவரேதான். 1893-ல் பாதை முடிந்தது. கம்பெனியின் சின்னம் மலை ஆடு. அதனால்தான் இப்போது இந்த நடைபாதைக்கு 'அயர்ன் கோட் டிரெயில்' என்று பெயர். இரும்பு ஆடு!

ஆனால் பனி அந்த ஆட்டை நிம்மதியாக மேயவிடவில்லை. 1900-ல் மலை உச்சிக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை வெட்டினார்கள். மேற்குச் சரிவில் பாதைக்குமேல் மைல் கணக்கில் கூரை போட்டார்கள். அப்படியும் முடியவில்லை. கடைசியில் இன்னும் தாழ்வாக, 7.8 மைல் நீளத்துக்குப் புதுசாக ஒரு சுரங்கம் குடைந்தார்கள். 1929 ஜனவரியில் ரயில்கள் அதில் புகுந்தன. மேலே இருந்த பழைய பாதையைக் கைவிட்டுத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த நிரந்தரப் பாதையின் ஆயுளும் முப்பத்தாறு வருஷம்தான். என் சர்வீஸ் கணக்கு!

அப்புறம் காடு வந்து மூடிக்கொண்டது. அறுபது வருஷம் கழித்துத் தொண்டர்கள் சிலர் கிளம்பினார்கள். 'வாலண்டியர்ஸ் ஃபார் அவுட்டோர் வாஷிங்டன்' என்று ஓர் அமைப்பு. முன்னே நின்றவர் ரூத் இட்னர் என்கிற அம்மாள். அப்போதே எழுபதைத் தாண்டியவர். அமெரிக்க வனத்துறையோடு சேர்ந்து புதரை வெட்டி, விழுந்த மரங்களை அறுத்து, மண்ணைச் சமன் செய்து 1993-ல் முதல் பகுதியைத் திறந்துவிட்டார்கள். பிறகு வருஷா வருஷம் நீட்டிக்கொண்டே போனார்கள். செயின்ட் பாலிலிருந்து எத்தனையாவது மைல் என்று காட்டுகிற கல்லைக்கூட, பழைய மாதிரியே செய்து நட்டுவிட்டார்கள். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். இனி எந்த டிரைவர் பார்க்கப்போகிறான்? ஆனாலும் கணக்கு கணக்குதானே!

என் முழங்காலை உத்தேசித்து மாப்பிள்ளை எங்களை மேலே வெலிங்டன் என்ற முனைக்கே காரில் கொண்டுபோய்விட்டார். "அப்பா, ஏற்றம்னா வேணாம்ப்பா" என்றாள் மகள். ரயில்வேக்காரனிடம் ஏற்றத்தைப் பற்றிப் பேசுகிறாள்! அங்கே சரிவு 45-க்கு 1. நாற்பத்தைந்து அடி போனால் ஓர் அடி உயரும். இஞ்சினுக்கு அதுவே திணறல். மனுஷனுக்கு அது கோயில் பிராகாரம். மூச்சு வாங்குகிற இஞ்சினுக்காகப் போட்ட பாதை, மூச்சு வாங்குகிற கிழவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. சில பகுதிகளில் சக்கர நாற்காலியிலேயே போகலாம்.

கொஞ்ச தூரம் போனதும் கான்கிரீட் கூடாரம் ஒன்று. கூடாரமா அது? அரை மைல் நீளம்! ஆயிரங்கால் மண்டபத்தை இழுத்து நீட்டிய மாதிரி தூண் தூணாகப் போகிறது. பனிச்சரிவு கூரைமேல் வழுக்கிப் பள்ளத்தில் விழட்டும் என்று கட்டியது. நடந்துவிட்ட விபத்துக்குப் பிறகு கட்டியது என்று அங்கே இருந்த பலகை சொன்னது.

1910 பிப்ரவரி கடைசி வாரம். இரண்டு ரயில்கள், ஒன்று பாசஞ்சர், ஒன்று தபால் ரயில், வெலிங்டனில் பனியில் மாட்டிக்கொண்டன. முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் போகமுடியாது. ஆறு நாள். நிலக்கரி தீர்ந்துகொண்டே வந்தது. பனி அள்ளுகிற கூலிக்காரர்கள் கூலித் தகராறில் கிளம்பிப் போய்விட்டார்கள். 'ரயிலைப் பின்னால் தள்ளிச் சுரங்கத்துக்குள் நிறுத்துங்களேன்' என்று பயணிகள் கெஞ்சினார்கள். புகையும் குளிரும் தாங்காது என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். மார்ச் 1, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குமேல், மின்னலும் இடியுமாக மலைச்சரிவிலிருந்து பனி பெயர்ந்து வந்து இரண்டு ரயில்களையும் தூக்கிப் பள்ளத்தில் வீசியது. 96 பேர் இறந்தார்கள். பயணிகளைவிட ரயில்வே ஆட்கள் அதிகம். கடைசி உடல் ஜூலையில்தான் கிடைத்தது. அந்த ஊர்ப் பெயரையே கம்பெனி மாற்றிவிட்டது. வெலிங்டன் என்றால் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்?

ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. சரிவுக்கு முந்தின இரண்டு நாட்களில் சிலர், 'இனி உட்கார்ந்து பிரயோஜனமில்லை' என்று ரயிலைவிட்டு இறங்கி நடந்திருக்கிறார்கள். பாதையோடு மூன்று மைல் பனியில் நடந்து, விண்டி பாயின்ட் என்ற முனையில் செங்குத்தான சரிவில் உட்கார்ந்து சறுக்கி, சீனிக் போய்ச் சேர்ந்தார்கள். நடந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

எனக்கு 1964 டிசம்பர் ஞாபகம் வந்தது. தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரைக் கடல் கொண்டுபோனபோது என் சித்தப்பா ராமேஸ்வரத்தில் பாயின்ட்ஸ்மேன். அந்த ராத்திரியைப் பற்றி அவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. அந்த ரயிலில் இருந்தவர்களுக்கு இறங்கி நடக்கக் கரை கிடையாது.

"அப்பா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் மகள். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலும்.

அவர்கள் நடந்த அந்தத் திசையில்தான் நாங்களும் நடந்தோம். அரை மணியில் ஹெல்மெட் போட்ட ஏழெட்டுப் பேர் எதிர்ப்பட்டார்கள். எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். ஒருத்தர் கையில் ரம்பம், ஒருத்தர் கையில் ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் களைக்கொத்து. புலாஸ்கி என்று பெயராம். சம்பளம் கிடையாது, படி கிடையாது, மதியச் சாப்பாடு அவரவர் பையில். நான் பார்த்த கேங்குகளிலேயே வயசான கேங்!

பாதையில் தண்ணீர் தேங்கிச் சேறாகியிருந்தது. அவர்கள் மேலே ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. பர்மனென்ட் வேயில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: பாதைக்கு வைத்தியம் மூன்று. வடிகால், வடிகால், இன்னும் கொஞ்சம் வடிகால்.

"மாப்பிள்ளை, மேலே ஜல்லி போட்டுப் பிரயோஜனமில்லைன்னு சொல்லுங்க. மலைப்பக்கம் ஓடை அடைச்சிருக்கு. பழைய ஆளுங்க எங்கேயாவது குழாய் விட்டிருப்பான். தேடச் சொல்லுங்க."

மாப்பிள்ளை தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார். வெள்ளைத் தலைமுடி அம்மாள் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்துக் கையில் புலாஸ்கியைக் கொடுத்தாள்.

"அப்பா! டூரிஸ்ட் விசா! வேலை செய்யக்கூடாது!" என்று மகள் அலறினாள்.

"அவருக்கு ஒரு பைசா தரமாட்டோம், கவலைப்படாதே" என்றாள் அம்மாள்.

அரை மணி நேரம் பெரணிச் செடியையும் மட்கிய இலையையும் இழுத்துப் போட்டோம். குழாய் வாய் தெரிந்தது. குச்சியை விட்டுக் குத்தினோம். முதலில் களுக்கென்று ஒரு சத்தம், அப்புறம் கறுப்பாகத் தண்ணீர், அப்புறம் தெளிவாக. எட்டுப் பேரும் குழந்தைகள் மாதிரி கைதட்டினார்கள். பேத்தியும்.

சேற்றில் துருப்பிடித்த டாக் ஸ்பைக் ஒன்று அகப்பட்டது. ஸ்லீப்பரில் அடிக்கிற ஆணி. துடைத்துப் பையில் போடப்போனேன். அம்மாள் தலையசைத்தாள். இங்கே கிடைப்பது எதையும் எடுக்கக்கூடாதாம். கிடந்த இடத்திலேயே கிடக்கவேண்டும், அதுதான் சட்டம். போட்டுவிட்டேன். கீழே எங்கேயோ கூட்ஸ் ரயிலின் ஹாரன் கேட்டது. இன்னமும் அந்த 1929 சுரங்கத்துக்குள்தான் போகிறது. ஒரு ரயில் போனதும், பெரிய மின்விசிறிகளைச் சுற்றவிட்டுப் புகையை வெளியேற்றிய பிறகுதான் அடுத்த ரயிலை உள்ளே விடுவார்களாம். நூறு வருஷமானாலும் சுரங்கத்துக்குப் புகைதான் எமன்.

புளியோதரையை அந்த கேங்கோடு பங்குபோட்டுச் சாப்பிட்டோம். காரம் தாங்காமல் ஒருத்தர் எழுந்து நின்றே சாப்பிட்டார். கிளம்பும்போது அம்மாள், "அடுத்த சனிக்கிழமையும் இருப்போம்" என்றாள். "இன்னும் இரண்டு குழாய் அடைச்சிருக்கும்னு நினைக்கிறேன்."

ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி மகள் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு, புளியோதரை டப்பாவோடு வாசலில் நின்றேன். மாப்பிள்ளையைத்தான் எழுப்ப முடியவில்லை.