தீனி மிச்சம் வைத்த குதிரை

பத்து கந்தோங்கில் இனி குதிரை ஓடாது. பினாங்கு டர்ஃப் கிளப், 1864-ல் தொடங்கியது. உறுப்பினர்களே ஓட்டுப்போட்டு மூட முடிவெடுத்தார்கள். 2025 மே மாதத்தோடு சரி.

எல்லோரும் நிலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை மாடி வரும், சதுர அடி என்ன விலைக்குப் போகும். லாயத்தில் வேலை பார்த்தவர்களைப் பற்றிப் பேச்சே காணோம். அங்கே நம்மாட்கள் நிறைய.

குதிரைக்காரர் ஒருவர் எப்போதோ சொன்னது: "ராத்திரி வச்ச தீனிய விடியக்காலையில போய்ப் பாப்பேன் தம்பி. தொட்டி காலியா இருந்தா சரி. மிச்சம் கெடந்தா அன்னிக்கு அது ஓடாது. பேப்பர்ல என்ன வேணாலும் எழுதிக்கட்டும்."

பேப்பரில் வருபவை: எடை, ஜாக்கி பெயர், போன சில பந்தயங்களில் எத்தனையாவது, எவ்வளவு தூரம். தொட்டி வராது.

"நீங்க கட்டியிருக்கீங்களாண்ணே?"

"என் சம்பளத்துல கட்டி என்னாகப் போவுது? மொதலாளி காதுல போடுவேன். மீ சாப்பிடக் காசு குடுப்பாரு."

முதலாளி பந்தயம் கட்டலாம். தன் குதிரை மீதே கட்டலாம். பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான். ஜாக்கி கட்டக் கூடாது.

ஜாக்கிக்குத் தடை, விஷயம் தெரியும் என்பதற்காக மட்டும் இருக்காது. கடிவாளம் அவன் கையில்.

குதிரையை இறக்குவதா வேண்டாமா என்பது முதலாளி கையில். அதுவும் ஒரு கடிவாளம்தானே.

சென்னை, கிண்டி. 1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு இழுத்து இழுத்து 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இது சூது இல்லை, திறமை. குதிரையின் வம்சம், பழக்கிய விதம், ஓட்டுகிறவன் யார், எல்லாவற்றையும் அலசித்தான் பணம் கட்டுகிறார்கள்.

ஆக, தெரிந்து கட்டினால் சூது இல்லை. தெரியாமல் கட்டினால்தான் சூது. தர்மம் பேசுகிறவர்கள் இதையே தலைகீழாகச் சொல்வார்கள்.

2024 செப்டம்பரில் கிண்டி பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்தது அரசு. 160 ஏக்கர். சிங்கப்பூரில் அதற்கு அடுத்த மாதமே கடைசி ஓட்டம். எங்கும் குதிரையை விட மண் விலை கூட.

முன்கூட்டித் தெரிவது குதிரையோடு நிற்பதில்லை. அந்தக் காலத்தில் பினாங்கு மலையில் கொடிமரம் இருந்தது. கப்பல் வருவதை மேலிருந்து பார்த்து, கீழே கார்ன்வாலிஸ் கோட்டைக்குக் கொடி காட்டிச் சொல்வார்கள். கொடி பாஷை தெரிந்த வியாபாரிக்கு, தெரியாத வியாபாரியை விடக் கொஞ்ச நேரம் மிச்சம்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன வாங்கலாம், என்ன விற்கலாம்.

சிசரோ எழுதியது, இரண்டாயிரம் வருடத்துக்கு முன். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து தானியத்தோடு ஒரு வியாபாரி வருகிறான். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவதை வழியில் பார்த்துவிட்டான். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா?

இரண்டு தத்துவவாதிகள் சண்டை. ஒருவர், சொல்லாமல் விடுவதும் மறைப்பதும் ஒன்றல்ல என்கிறார். மற்றவர், மனிதனுக்கு மனிதன் கடமை என்கிறார். சிசரோ இரண்டாமவர் பக்கம்.

பசியோடு நிற்பவர்களிடம் விற்கிறான் என்பது எனக்கு உறுத்துகிறது. ரோட்ஸில் பஞ்சம் இல்லாமல், அவன் விற்றது தானியமாக இல்லாமல் வாசனைத் தைலமாக இருந்தால் இந்தக் கேள்வியை யார் கேட்டிருப்பார்கள்?

1870-ல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். மலைமேல் கொடிக்கு மவுசு போச்சு. அதன்பின் தந்திக்குக் காசு கட்ட முடிந்தவனுக்கு முதலில் தெரியும்.

ஈயம்.

உலகம் பார்த்த ஈய விலை ஒன்று ஒரு காலத்தில் இங்கே நிர்ணயமானது. பினாங்கு விலை என்றே பெயர். டத்தோ கிராமாட்டில் ஓர் உருக்காலை, பட்டர்வொர்த்தில் இன்னொன்று. வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் தன் விலையையும் அளவையும் ரகசியமாக அனுப்புவார்கள். ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது. லம்பத்திலிருந்து, அதாவது ஈயச் சுரங்கத்திலிருந்து, அன்றைக்கு எவ்வளவு மண் வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

உருக்காலைக்கு எல்லாம் தெரியும். விலையைச் சொல்வதும் உருக்காலை.

பல வருடங்கள் இப்படி நடந்தது. 1984 அக்டோபரில் சந்தை கோலாலம்பூருக்குப் போனது. டத்தோ கிராமாட் உருக்காலை இருந்த இடத்தில் இப்போது டைம்ஸ் ஸ்குவேர். உருக்காலையின் பர்ச் ஹவுஸ் கட்டடம் மட்டும் பழைய ஆளாக நிற்கிறது.

1981. லண்டன் உலோகச் சந்தையில் யாரோ ஈயத்தை வாங்கிக் குவிக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. விலை ஏறுகிறது. கையில் இல்லாத ஈயத்தை விற்றவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாங்கியது மாமின்கோ என்கிற கம்பெனி. மூலதனம் இரண்டு ரிங்கிட். பின்னால் மலேசிய அரசு.

இரண்டு ரிங்கிட். அதை எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அரசாங்கத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு ரகசியம்தான்: வாங்குவது தான்தான் என்று. அதுவே போதும் என்று நினைத்தார்கள்.

1982 பிப்ரவரியில் லண்டன் சந்தை விதியை மாற்றியது. சரக்கைக் கொடுக்க முடியாதவர்கள் அபராதம் கட்டிவிட்டுத் தப்பலாம். மாற்றிய குழுவில் இருந்தவர்களும் அந்தச் சந்தையின் ஆட்கள்தான். விலை சரிந்தது. பல கோடி ரிங்கிட் போச்சு. வாங்கியது தாங்கள்தான் என்று 1986-ல் பிரதமர் மகாதீர் ஒப்புக்கொண்டார்.

சீட்டை மறைத்து ஆடியவனும், ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றியவனும் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொன்னார்கள். இருவர் புகாரும் நியாயமாகத்தான் இருந்தது.

லம்பத் தொழிலாளிக்கு இதில் எதுவும் தெரியாது. அவன் வேலை போனது, 1985-ல் ஈயச் சந்தை சரிந்த பிறகு.

சனிக்கிழமை, லிட்டில் இந்தியா, தே தாரிக் கடை. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் நாலு நம்பர் சீட்டைக் கண்ணாடிக்கு நெருக்கிப் பிடித்துப் படிக்கிறார். விரலால் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துக்கொண்டு.

"என்ன நம்பர் அங்கிள்?"

"சாமி குடுத்தது. வெளிய சொன்னா செத்துப்போயிடும்."

பத்தாயிரம் நம்பரில் ஒன்று. 'பிக்' என்கிற வகையில் கட்டினால் ஒரு ரிங்கிட்டுக்கு முதல் பரிசு 2,500. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வரிசையில் நிற்கிறார்கள்.

சாமி ஒருவருக்கு மட்டும் சொன்னால் அது உள்தகவல் இல்லையா? யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. எனக்கும் ஒரு தடவை சொல்லக் கூடாதா என்றுதான் கேட்கிறார்கள்.

விபத்தில் நசுங்கிய காரின் நம்பரை எடுத்துக் கட்டுவார்கள். அதை மட்டும் யாரும் மறைப்பதில்லை. தெருவே சேர்ந்து கட்டும்.

சூது என்றால் நமக்குச் சகுனி. நளனை மறந்துவிடுகிறோம்.

நளன் சூதில் நாட்டைத் தோற்று, உருமாறி, இருதுபன்னன் என்கிற அரசனுக்குத் தேரோட்டுகிறான். போகிற வழியில் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து இலை இவ்வளவு, காய் இவ்வளவு என்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, அவசரப் பயணத்தின் நடுவில், எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. சூதாட்டக் காய்க்கும் உதவும் அந்த வித்தையைக் கற்றுக்கொள்கிறான். பதிலுக்குக் கொடுத்தது குதிரை வித்தை.

பிறகு, முன்பு தன்னைச் சூதில் வென்ற புட்கரனை மறுபடி ஆட அழைத்து ஜெயிக்கிறான். இப்போது எனக்குக் காய் வித்தை தெரியும் என்று சொல்லவில்லை. புட்கரனும் முதல் ஆட்டத்தில் தன் பக்கம் கலி இருந்ததைச் சொன்னவன் இல்லை. நளனைப் பழித்து யாரும் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. அவன் இழந்ததைத்தானே மீட்டான்.

இழந்ததை மீட்க என்றால் சரியா? மாமின்கோ நட்டத்துக்குப் பிறகு அதை மீட்கவும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். மக்குவாசா. அது வேறு கதை.

2008 செப்டம்பர் 23. நியூயார்க். கோல்ட்மேன் சாக்ஸ் இயக்குநர்கள் போனில் கூடிப் பேசுகிறார்கள். வாரன் பஃபெட் 500 கோடி டாலர் போடப்போகிறார். பேச்சு முடிந்த ஒரு நிமிடத்துக்குள் இயக்குநர்களில் ஒருவரான ரஜத் குப்தா, முதலீட்டு நிதி நடத்தும் ராஜ் ராஜரத்தினத்தைக் கூப்பிடுகிறார். ராஜரத்தினம் கொழும்பில் பிறந்த தமிழர். சந்தை மூடச் சில நிமிடம்தான். கோல்ட்மேன் பங்குகளை வாங்கிவிடுகிறார்.

2011-ல் ராஜரத்தினம் மீது பதினான்கு குற்றங்கள் நிரூபணம். பதினோரு வருட தண்டனை. குப்தாவுக்கு அடுத்த வருடம், இரண்டு வருடம். கொடுத்தவருக்குக் குறைவு, வாங்கியவருக்கு அதிகம். லாயத்தில் மீ காசு.

ராஜரத்தினம் தரப்பு வாதம்: வெளியே கிடக்கும் துண்டுத் துண்டுத் தகவல்களைக் கோத்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். கிண்டி தீர்ப்பு மாதிரியே ஒலிக்கிறது. ஆனால் எஃப்.பி.ஐ. அவர் போனை ஒட்டுக் கேட்டிருந்தது.

அந்தக் கடைசி நிமிடங்களில் அவருக்கு விற்றவர்கள் யார்? விற்க நினைத்தவர்கள். அவர் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே விலைக்கு வேறு யாருக்கோ விற்றிருப்பார்கள்.

அப்படியானால் யாரிடமிருந்து எடுத்தார்? குப்தாவை நம்பி உட்கார வைத்த அந்தக் கூட்டத்திடமிருந்தா? கூட்டத்துக்கு அன்று காசு வந்ததே தவிரப் போகவில்லை.