ஒரிஜினல், பக்கா ஒரிஜினல்

பெங்களூரில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் ஒருவரின் மாருதி ஆம்னி வேன், சில மாதங்களாகக் காலையில் கிளப்பும்போதெல்லாம் நான்கைந்து நொடிகள் கடகடத்தது. அதுவரை ஆயில் விளக்கும் அணைவதில்லை. பிறகு ஓசை அடங்கும். நாள் முழுதும் வண்டி ஒழுங்காக ஓடும். ஆம்னியில் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே இருப்பதால், அந்த ஓசையை அவர் காதால் கேட்டார் என்பதைவிட உடம்பால் உணர்ந்தார் என்பதே பொருந்தும்.

பேரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும் என்றார் ஒரு மெக்கானிக். 1984இல் அறிமுகமான இந்த வேனின் உற்பத்தி 2019இல் நின்றுபோனது. இவருடையது 2011ஆம் ஆண்டு வண்டி. ஒரு வாரம் அது நின்றால் பெற்றோர் வேறு வேன் பார்த்துக்கொள்வர். போனவர் திரும்பி வருவதில்லை. செலவைக் காட்டிலும் அந்த ஒரு வாரமே அவரை அச்சுறுத்தியது.

வயதில் மூத்த இன்னொரு மெக்கானிக் ஒரே ஒரு காரியம் செய்தார். இரவெல்லாம் நின்றிருந்த வண்டியைக் கிளப்புமுன் ஆயில் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். எண்ணெய் கொட்டியிருக்க வேண்டும். சில துளிகளே சொட்டின.

வாய் மேல்நோக்கி நில்லாத ஃபில்டரிலிருந்து, எஞ்சின் நின்றபின் எண்ணெய் மெல்லக் கீழே வடிந்துவிடப் பார்க்கும். அதைத் தடுப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வால்வு. சூட்டில் அது விறைத்துப்போனால் ஃபில்டர் இரவில் காலியாகும்; காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் பேரிங்குகளுக்கு எண்ணெயை அனுப்பும். அந்த இடைவெளியே கடகடப்பு. சென்ற முறை விலை மலிவென்று வாங்கிய ஃபில்டர் அது.

ஜே.சி. ரோட்டில் வாகன உதிரிபாகக் கடைகள் வரிசையாக உள்ளன. "அண்ணா, ஒரிஜினலா, லோக்கலா?" என்று கேட்டார் கடை இளைஞர். ஒரிஜினல் என்றதும், "ஒரிஜினலா, பக்கா ஒரிஜினலா?" என்றார். மொழியியல் வகுப்பில் எடுத்துக்காட்டாக வைக்கத்தக்க தருணம் இது. 'ஒரிஜினல்' என்பது ஆம், இல்லை என்ற இரண்டே நிலைகளை உடைய சொல்லாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு மிகை அடை தேவைப்படும் அன்றே அச்சொல் தன் பொருளைப் பாதி இழந்துவிட்டது. போலிப் பெட்டிகள் உலவும் சந்தையில் பெட்டியின் மேலுள்ள எழுத்துகளுக்கும் அதே கதிதான்.

மேசைமேல் மூன்று பெட்டிகள் வந்தன. ஒன்றின்மேல், மற்றவற்றைவிட நுண்ணிய துகளையும் வடிகட்டும் என்று மைக்ரான் கணக்கு அச்சிட்டிருந்தது. ஓட்டுநரின் கை முதலில் அதற்கே போயிற்று. பழைய எஞ்சினுக்கு நுண்ணிய வடிகட்டல் நல்லதென்று எவரும் எண்ணுவர். ஆனால் ஒரு துகளளவில் எத்தனை விழுக்காட்டைத் தடுக்கிறது என்று சொல்லாத மைக்ரான் எண் பாதி வாக்கியமே. அன்றியும், கசடு மிகுந்த எஞ்சினில் நெருக்கமான தாள் விரைவில் அடைபடக்கூடும். அடைபட்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயே பேரிங்குகளுக்குப் போகும். எண்ணெயே போகாமல் இருப்பதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்பது அந்த வால்வின் நியாயம்; தவறும் அன்று.

மூத்த மெக்கானிக் சொல்லி அனுப்பியபடி, அவர் பெட்டிகளைத் திறக்கச் செய்தார். நடுத்துளையைச் சுற்றியுள்ள சிறு துளைகளின் வழியே மெல்லிய குச்சியால் ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றில் அது புதிதாயிருந்தும் விறைப்பாக இருந்தது. இன்னொன்றில், ஆம், அந்த நுண்ணிய வடிகட்டியில்தான், மரை சரியாகப் படவில்லை. 20 மில்லிமீட்டர் மரையும் முக்கால் அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்; கையில் கொண்டுவந்த பழைய ஃபில்டரை அருகில் வைத்துப் பார்த்தபோதே வேறுபாடு தெரிந்தது. மூன்றாவதில் ரப்பர் இளக்கமாக மடங்கி மீண்டது. விலையில் அது நடுத்தரம். இளைஞர் அதைப் 'பக்கா' என்று சொல்லியிருக்கவில்லை.

பொருத்தும்போது, பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்தார். வளையத்தின் மேல் வளையம் அமர்ந்தால் ஓடும் வழியிலேயே எண்ணெய் முழுதும் கொட்டிவிடக்கூடும். புது வளையத்தில் எண்ணெய் பூசி, அது பதிந்தபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினார்.

மறுநாள் காலை விளக்கு உடனே அணைந்தது. ஓசை முற்றிலும் போகவில்லை. மெலிதாக ஒருமுறை தட்டிவிட்டு நின்றது. பேரிங்கும் கொஞ்சம் தேய்ந்தே இருக்கிறது, இத்தனை மாதத்துக் காலைகள் அதன் கணக்கில்தான் ஏறியிருக்கும் என்றார் மெக்கானிக். கோடை விடுமுறையில் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. கழற்றிய பழைய ஃபில்டரை ஓட்டுநர் தூக்கி எறியவில்லை. மரைக்கு அளவாக இருக்கட்டும் என்று பின்னிருக்கையின் அடியில் வைத்திருக்கிறார்.