பதினோரு நிலையும் ஒரு ஃப்ளாப்பியும்

192 அடிக் கோபுரத்தை 2 அங்குலத்துக்குள்ள வரையச் சொன்னா, நீங்க முதல்ல எதை விடுவீங்க?

2003-ல எனக்கு அந்த வேலை வந்தது. கான்சாபுரத்துல இருந்து தினமும் பஸ் பிடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, ஒரு டி.டி.பி. சென்டர்ல உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ்தான். பால்கோவா கடைக்காரர் ஒருத்தர் வந்து, "டப்பாவுல நம்ம ஆண்டாள் கோயில் கோபுரம் வரணும் தம்பி" என்றார்.

போட்டோவை ஸ்கேன் பண்ணி, கோரல்டிராவில் மவுஸாலேயே வரைய ஆரம்பிச்சேன். சிற்பங்களையும் சேர்த்து வரைந்தா, ஃபைல் 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில அடங்கலை. சிவகாசி பிரஸ்ஸுக்கு அதுலதான் கொண்டு போகணும். சரி, பொம்மைகளை எடுத்துடலாம். எப்படியும் ஒரு நிலைக்கு 5 மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு பொடிக் கோடு ஆஃப்செட்டில் மசி அடைச்சு வெறும் கறையாத்தான் தெரியும். ஆனா நிலையில கை வைக்க முடியாது. பிரின்ட் அவுட்டை வாங்கியதும் கடைக்காரர் விரல் வெச்சு எண்ணினார். பதினொண்ணு. ஊர்க்காரங்க எல்லாருமே எண்ணுவாங்க!

2019-ல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதும் கடைக்காரர் மறுபடி கூப்பிட்டார். பழைய டப்பாதான் வேணுமாம். சி.டி.யில் இருந்த ஃபைலைத் திறந்தேன். கோபுரம் அப்படியே இருக்கு. கடைப்பேரை அப்பவே கர்வ்ஸா மாத்தியிருந்ததால அதுவும் பத்திரம். விலை மாறும்போது திருத்தணுமேன்னு டைப் பண்ணி விட்டிருந்த வரிகள் மட்டும், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஒரே குப்பை.

காரணம் சிம்பிள். அப்போதைய தமிழ் ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்தோட சீட்ல தமிழை உட்கார வெச்சிருந்தன. பாமினியில் 'எம்' இடத்துல 'அ' இருக்கும். இன்னொரு ஃபான்ட்டில் அங்கே வேற ஏதாவது. 1999-லயே தமிழக அரசு டாம், டாப்னு தரம் அறிவிச்சும், கடைகள்ல ஆளுக்கொரு ஃபான்ட்தான் ஓடிச்சு. நான் பயன்படுத்தினது எங்கேயும் கிடைக்கலை. ஃபான்ட் போனா எழுத்தும் போச்சு. யூனிகோடில் 'அ'வுக்கு 2949-னு சொந்த எண் உண்டு. ஃபான்ட் மாறினாலும் 'அ' 'அ'தான். உங்க காலேஜ் மலர் இன்னமும் பழைய ஃபான்ட்டில் ஓடுதுன்னா, இன்னிக்கே ஒரு காப்பியை யூனிகோடுக்கு மாத்தி வைங்க ப்ளீஸ்.

கடைக்காரருக்கோ அதே எழுத்துதான் வேணும். கடைசியில அவங்க வீட்டம்மா ஊசி நூல் போட்டு வெச்சிருந்த பழைய டப்பா கிடைச்சது. அதை ஸ்கேன் பண்ணி ஒவ்வொரு எழுத்தா வரைந்தேன். 'சர்க்கரை'யில ஒரு 'க்' மட்டும் தேய்ஞ்சு போயிருந்தது. பக்கத்துல 'தயாரிக்கப்பட்டது' இருந்ததோ, பிழைச்சேனோ!