ஒரு துறவி எழுதிய 67

சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக்கொண்டே போகும் கதையைச் சிறுவயதில் கேளாதார் நம்மில் குறைவு. பலகைக்கு அறுபத்து நான்கு கட்டங்கள். இன்னும் மூன்று கட்டங்களை ஒட்டிவைத்து எண்ணினால், நெல்மணிகள் மொத்தம் 147573952589676412927. இந்த இருபத்தோர் இலக்க எண்ணோடு அண்மையில் சில இரவுகள் மல்லுக்கட்டினேன்.

இவ்வாறு இரட்டித்துக் கூட்டிவரும் எண்களுள் எவை பகா எண்கள், அதாவது ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை என்று, 1644-இல் மரின் மெர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் தந்தார். 257 கட்டங்கள்வரை பதினொன்றே தேறும் என்றார். அதில் 67-உம் ஒன்று. நிறுவல் தரவில்லை. பதினைந்து இருபது இலக்க எண்ணைச் சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று எழுதியவரும் அவரேதான்!

1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், இது பகா எண் அன்று என்று நிறுவினார். ஆனால் எந்த எண்களால் வகுபடும் என்பதை அவருடைய வழி காட்டவில்லை. உண்டு என்று தெரியும். இன்னது என்று தெரியாது. குருமடத்தில் புனித தோமாஸ் அக்குவினாஸின் இறையியலைப் பயின்றவனுக்கு இந்நிலை புதிதன்று. 61 பட்டியலில் விடுபட்ட பகா எண் என்று 1883-இல் காட்டிய பெர்வூஷின், ரஷ்ய நாட்டுப்புறப் பங்கொன்றின் குரு. அச்சில் 61-தான் 67 ஆயிற்று என்று மெர்சேனுக்காகப் பரிந்து பேசுவோரும் உண்டு.

134-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வரும் எண்களே இதற்குக் காரணிகளாக முடியும். அப்படி வடிகட்டிய பின்னும், முதற்காரணிக்கு முன்னே பதினான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் வரிசையில் நிற்கின்றன. 1903-இல் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தாராம். அவை கைதட்டி ஆர்ப்பரித்தது. எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். (ஞாயிறு ஓய்வைக் குறித்து நான் இங்கே எதுவும் சொல்வதற்கில்லை.)

அதே பெருக்கலை நானும் செய்து பார்த்தேன். முதலிரவு தவறியது, இரண்டாமிரவும் தவறியது. மூன்றாமிரவில் இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தி வந்தபோது, மேசை விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

ஆயினும் என் மனம் கோலிடம் போகவில்லை. மெர்சேனையே சுற்றி வந்தது. சோதிக்க முடியாதென்று அறிந்திருந்தும் 67 என்று எழுதிய அந்தக் கையை நான் அறிவேன். இளங்குருவாய் இருந்தபோது, மருத்துவமனைக் கட்டிலருகே, "உங்கள் கணவருக்கு ஒன்றும் ஆகாதம்மா" என்று ஒரு பெண்மணிக்கு உறுதி சொன்னேன். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அவர் மூன்றாம் நாள் இறந்தார். அந்த அம்மாள் பின்னும் பல ஆண்டுகள் கோயில் வாசலில் "தோத்திரம் சாமி" என்று கைகுவித்தார். நான் சொன்னதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.