குழந்தையைக் கீழே விடலாமா?

பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டின் முன்பாதி புதுக் கான்கிரீட், பின்பாதி தாத்தா காலத்து ஓடு. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். பேரனுக்கு எட்டு மாதம், முட்டி போட்டு நகர ஆரம்பித்துவிட்டான். அவனை எங்கே விடுவது என்பதில்தான் வீட்டில் தகராறு. "டைல்ஸ் தரை இருக்கையில பழைய கூடம் எதுக்கும்மா?" என்கிறாள் மகள். "நீங்கள்லாம் கொல்லை மண்ணுல பொரண்டுதானே வளந்தீங்க" என்கிறார் அம்மா. தடுப்பூசி அட்டையைப் பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியரோடு நானும் போயிருந்தேன். அவர் யார் பக்கமும் பேசவில்லை. "வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று திண்ணைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

புது ஹால் பளபளவென்று இருந்தது. காலையில்தான் ஃபினாயில் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனை வந்தால் தரை சுத்தம் என்று நம் மூக்கு பழகிவிட்டது. ஆனால் இந்த ஹால் வாசல் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவே நேர்க்கோட்டில் கிடக்கிறது. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே வயலிலிருந்து வந்த தாத்தா மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி ஹாலைக் கடந்து கொல்லைக்குப் போனார். தூக்கு எடுத்துக்கொண்டு பாலுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண் செருப்போடு இரண்டு எட்டு உள்ளே வைத்துவிட்டுத்தான் கழற்றினாள். அவள் பின்னால் ஒரு கோழி வந்து, டைல்ஸில் எச்சமிட்டுவிட்டு நிதானமாக வெளியேறியது. செவிலியர் அம்மாவைப் பார்த்தார். "இது ஹால் இல்லம்மா, ரோடு."

பிறகு அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு கையை ஊன்றி, குழந்தை போகிற உயரத்திலேயே ஹாலைச் சுற்றி வந்தார். நின்று பார்த்தபோது கண்ணில் படாதவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சுவரும் தரையும் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. கோலமாவு என்று நினைத்தேன். எறும்புக்குப் போட்ட சாக்பீஸாம், அது பூச்சிமருந்து. விரலில் ஒட்டினால் அடுத்த நொடி வாயில்தான் இருக்கும். கீழ்த்தட்டு சாமி அலமாரியில் கட்டிக் கற்பூரம் ஒரு டப்பா, மூடி இல்லாமல். ஒரு துண்டு விழுங்கினாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். அதன் பக்கத்தில் பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் அகல்விளக்கு. செவிலியர் அடிமூடியை நகத்தால் நெம்ப, காசு மாதிரி ஒரு பேட்டரி உள்ளங்கையில் விழுந்தது. இது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். "முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே போதும், வாழைப்பழம் குடுத்துப் பாக்குறேன்னு உக்காராதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி" என்றார். மகள் விளக்கை வாங்கிப் பரணில் போட்டாள்.

கொல்லை பற்றி அம்மாவுக்குத் தனி அபிமானம். வேப்பமரம், மாட்டுக் கொட்டில், சாணி மெழுகிய நடை. மண்ணில் விளையாடினால் உடம்பு உறுதியாகும் என்பது அவர் கட்சி. முழுக்கத் தவறென்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் எந்த மண் என்று ஒரு கேள்வி இருக்கிறதே. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணிலிருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறிவிடும். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இரண்டுமே மனிதக் கழிவு கலந்த மண்ணிலிருந்துதான் பரவுகின்றன. ஊரில் எல்லா வீட்டிலும் கழிப்பறை வந்துவிட்டது, வாய்க்கால் கரைப் பழக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் விடவில்லை. கோழி எச்சத்திலும் கன்றுக்குட்டிச் சாணத்திலும் வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் உண்டு. சாணியே கிருமிநாசினி என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஜிம்பாப்வே கிராமங்களில் ஆய்வாளர்கள் கைக்குழந்தைகளின் பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்து, வாய்க்குள் என்னென்ன போகிறது என்று குறித்திருக்கிறார்கள். மண் போனது. கோழி எச்சமும் போனது. அதைப் பார்த்துத்தான் அங்கே நடந்த ஒரு பெரிய ஆய்வில் வீடுகளுக்குக் கழிப்பறை, கைகழுவும் வசதியோடு விரிப்பும் தடுப்புக் கூண்டும் கொடுத்தார்கள். 2019இல் முடிவு வந்தபோது குழந்தைகளின் வளர்த்தியில் வித்தியாசம் தெரியவில்லை. விரிப்பை விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மெக்சிகோவில் கோவாய்லா மாநிலத்தில் 2000 வாக்கில் மண்தரை வீடுகளுக்கு அரசே சிமென்ட் தரை போட்டுக் கொடுத்தது. அங்கே குழந்தைகளுக்குப் புழுத்தொல்லையும் வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் நன்றாகக் குறைந்தன. ஆகவே டைல்ஸா சிமென்டா என்பது பெரிய விஷயமில்லை. கழுவித் துடைக்க முடிகிற தரையா, அதன் மேல் யார் யார் நடக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

அடுப்படியில் அதிக நேரம் நிற்கவில்லை. அரிவாள்மணை, தொங்கும் மிக்ஸி ஒயர், முக்கால் வாளித் தண்ணீர். வாளியை மட்டும் செவிலியரே கவிழ்த்தார். தலைகீழாக விழுந்த குழந்தையால் எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே மூழ்கடிக்கப் போதும். அடுப்படி வாசலுக்குக் குறுக்குப் பலகை போடச் சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

கடைசியாகப் பழைய கூடம். சிவப்புக் காவி போட்ட சிமென்ட் தரை, அங்கங்கே வெடிப்பு. மகளுக்கு இது பிடிக்காததற்குக் காரணம் புரிந்தது. பார்க்க அழுக்காகத்தான் தெரிகிறது. ஆனால் மூன்று பக்கமும் சுவர், உள்ளே வர ஒரே வழி, அதிலும் உயரமான நிலைப்படி. கோழி ஏறுவதில்லை. படுக்கிறவர்களைத் தவிர யாருக்கும் அங்கே வேலை இல்லை. சோபா முனை, டீப்பாய் முனை எதுவும் கிடையாது.

ஒரே ஒரு குறை. ஜன்னல் சட்டத்தில் பச்சை பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தரையில் உதிர்ந்திருந்தது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த ஜன்னல் அதற்கு எத்தனையோ வருஷம் மூத்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலர்ந்தபடி சுரண்டினால் தூசி பறக்கும். தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து எடுத்து, புது பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை குழந்தையும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

"வாக்கர் வாங்கிட்டா இதெல்லாம் வேணாம்லக்கா?" என்று மகள் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றார் செவிலியர். உட்காரவைத்து ஓடவிடும் அந்த வண்டியைக் கனடா 2004இலேயே தடை செய்துவிட்டது. படியில் உருண்ட குழந்தைகள் அத்தனை பேர். எழுந்து நிற்கப் பழகியபின் நம் ஊர் மரநடைவண்டி போதும்.

தீர்ப்பு கூடத்துக்குத்தான். ஜன்னல் வேலை முடிந்ததும் தினமும் ஈரத்துணி, வெயிலில் உதறிக் காயவைத்த கோரைப்பாய், தூக்குகிறவர் கையில் சோப்பு. கோழிக்குக் கொல்லையில் அடைப்பு. செருப்பு திண்ணைக்குக் கீழே, பால் வாங்க வருபவர்களுக்கும் சேர்த்து.

இன்னொன்றையும் செவிலியர் அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் இலவசமாகக் கொடுக்கும் குடற்புழு மாத்திரை ஒரு வயது நிறைந்த பிறகுதான். இரண்டு வயதுவரை அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து.